கோல் போஸ்ட்டில் ஒரு சிப்பாய்

வெம்பக்கோட்டை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

முதலில் பட்டாசு. சிவகாசி வட்டாரத்துக்காரர்களைக் கேட்டால் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். பேப்பர் படிக்கிறவராக இருந்தால், 'அங்கே அகழாய்வு நடந்ததே?' என்பீர்கள். வாஸ்தவம்தான். வைப்பாற்றின் கரையோரம், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022ல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என்று வந்துகொண்டே இருந்தது. கூடவே இன்னொரு சமாசாரமும் கிடைத்தது. ஆட்டக்காய்கள். வட்ட வட்டமாய்ச் செதுக்கிய சில்லுகள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அந்தக் கரிசல் பூமியில் யாரோ உட்கார்ந்து ஜாலியாக விளையாடியிருக்கிறார்கள்.

யார் விளையாடினார்கள்? யார் ஜெயித்தார்கள்? தெரியாது. அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. அத்தனை பழைய விஷயத்துக்குப் பேர் கேட்பது நம் தப்பு.

சரி, 1962க்கு வருவோம். நம்மில் பலருடைய அப்பாக்கள் அரை டிரவுசர் போட்டுத் திரிந்த காலம். அந்த வருஷம் செப்டம்பர் 4ம் தேதி, இந்தோனேஷியாவின் ஜகார்த்தா நகரில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. ஆமாம், கால்பந்தில். ஆமாம், தங்கம்! அன்றைக்குக் கோல் போஸ்ட்டில் நின்ற மனிதர் பெயர் என்ன?

யோசிக்கிறீர்கள். கோல் போட்டவர்கள் பேர் ஒருவேளை ஞாபகம் வரலாம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. கோல்கீப்பர்? ம்ஹூம்.

தெருவில் ஆட்டோபாம் வெடிக்கிற பையனை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து மருந்து அடைத்த கையை யார் பார்த்தார்கள்? கால்பந்திலும் அதே கதைதான். கோல் போட்டால் வெடி. தடுத்தால்? 'அது அவன் வேலைதானே' என்று போய்விடுவோம். விட்டுவிட்டால் மட்டும் ஆயுசுக்கும் திட்டு.

அந்தக் கோல்கீப்பரின் பெயர் பீட்டர் தங்கராஜ்.

பேரைக் கேட்டதும் நம்மூர்க்காரர் போலத் தோன்றுகிறதல்லவா? பிறந்தது ஹைதராபாத்தில், 1935 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். செகந்திராபாத் அப்போது பெரிய கண்டோன்மென்ட் ஊர். வெள்ளைக்கார சிப்பாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது பாரக்ஸ், சர்ச், பேண்டு வாத்தியம் ஆகியவற்றோடு கால்பந்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மைதானத்துக்கு மைதானம் ஒரு டீம். மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் என்று அழகான பேர்களில் சின்னச் சின்ன கிளப்புகள். தங்கராஜ் அங்கேதான் ஆடத் தொடங்கினார்.

கோல்கீப்பராக இல்லை. சென்டர் ஃபார்வர்டாக!

அதாவது கோல் போடுகிற ஆள். எல்லாருடைய கண்ணும் மேலே இருக்கிற ஆள். அங்கிருந்து மைதானத்தின் மறுகோடிக்கு, யாரும் கவனிக்காத இடத்துக்கு ஒருவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார்? ராணுவம்தான் காரணம்.

ஐம்பதுகளில் கால்பந்து ஆடி யாரும் சோறு சாப்பிட முடியாது. சாப்பிட்டாலும் வெளியே சொல்லக்கூடாது. ஆட்டத்துக்குக் காசு வாங்கினால் 'அமெச்சூர்' என்கிற தகுதி போய்விடும். ஒலிம்பிக் கதவு சாத்தப்பட்டுவிடும். அதனால் என்ன செய்வார்கள்? காசு கொடுக்க மாட்டார்கள், வேலை கொடுப்பார்கள். ரயில்வே, போலீஸ், சுங்க இலாகா, ராணுவம். பேருக்குக் குமாஸ்தா, ஏட்டு, சிப்பாய். சாயங்காலமானால் மைதானம். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று அலுவலக டீம்கள் லீக் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது.

தங்கராஜ் சேர்ந்தது மெட்ராஸ் ரெஜிமென்டில். 'வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு' என்று முழங்குகிற அதே படைதான். 1758ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தது. அதன் பயிற்சி மையம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம். சும்மா மேடேறி நடந்தாலே நமக்கு மூச்சு வாங்கும். அங்கே தினம் காலையில் ஓடுகிறவனுக்கு நுரையீரல் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் சென்டர் ஃபார்வர்ட் தங்கராஜ், கோல்கீப்பர் தங்கராஜ் ஆனார். ஆள் ஆறடிக்கும் மேல். நீளமான கை. கோல் போஸ்ட்டின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. குள்ளமான கீப்பருக்கு அது ஒரு கல்யாண மண்டபம் மாதிரி. தங்கராஜ் நின்றால் சுருங்கிவிடும். தவிர, ஃபார்வர்டாக ஆடிய ஆளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதிரே பந்தோடு வருகிறவன் அடுத்து என்ன செய்வான் என்று அவன் புத்தியால் யோசிக்க முடியும். திருட்டு தெரிந்தவன் போலீஸில் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1955ல் டூரண்ட் கோப்பையை மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் ஜெயித்தது. 1958ல் மறுபடியும். இரண்டிலும் தங்கராஜ் உண்டு. 1888ல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காக ஆரம்பித்த போட்டி அது. ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. நீலகிரியிலிருந்து டெல்லிக்கு ரயிலேறிப் போன ஒரு சிப்பாய் டீம், நாட்டின் பெரிய பெரிய கிளப்புகளும் குறிவைத்த கோப்பையை இரண்டு தரம் தூக்கிக்கொண்டு வந்தது. தமிழ்நாட்டு விளையாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு அத்தியாயமாவது ஒதுக்க வேண்டும். ஒரு பாராகூட எழுதுவதில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் காலத்துக் கோல்கீப்பரின் பிழைப்பைப் பார்த்துவிடலாம். இன்றைக்கு டி.வி.யில் பார்க்கிற கீப்பரை வைத்து எடை போடாதீர்கள். இப்போது கையுறையின் உள்ளங்கையில் ரப்பர் நுரை. பந்து போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது பெரும்பாலும் வெறுங்கை. பந்து தோல் பந்து. மழையில் நனைந்தால் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். அதை ஒருவன் பத்து கஜ தூரத்திலிருந்து பலம்கொண்ட மட்டும் உதைக்கிறான். பிடிக்க வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது. பிடித்த கையோடு நிற்கிற கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ள அன்றைய விதியில் இடம் உண்டு. 1958ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக்கை, போல்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ் பந்தோடு சேர்த்துக் கோட்டுக்குள் தள்ளிவிட்டார். நடுவர் கோல் என்று விசில் ஊதினார்! அந்த கிரெக் மூன்று மாதம் முன்னால்தான் மியூனிக் விமான விபத்தில் உயிர் பிழைத்து வந்தவர், பாவம். லண்டனிலேயே இந்த லட்சணம் என்றால் கல்கத்தா மைதானத்து மழைச் சேற்றில் கேட்கவா வேண்டும்?

இன்னொன்று. கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் என்கிற ஏற்பாடே அப்போது கிடையாது. எல்லாரோடும் ஓட வேண்டியது. அப்புறம் யாராவது நாலு பேர் உதைக்க, பாய்ந்து விழுந்து தானே கற்றுக்கொள்ள வேண்டியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1956. மெல்போர்ன் ஒலிம்பிக்.

இதற்கு நாலு வருஷம் முன்னால் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று உதை வாங்கியிருந்தது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று முடிவாயிற்று. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத் பள்ளிக்கூட வாத்தியார். ரஹீம் சாப் என்றால் அந்த ஊரில் தனி மரியாதை. ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு 1950லிருந்து 54 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, பட்டென்று அடுத்தவனுக்குத் தட்டிவிட வேண்டும் என்பது அவருடைய பாடம்.

மெல்போர்னுக்கு இரண்டு கீப்பர்கள் போனார்கள். ஒருவர் தங்கராஜ், இன்னொருவர் பம்பாயிலிருந்து எஸ்.எஸ். நாராயண். உள்ளூர் ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று அடித்தது. நெவில் டிசூசா மூன்று கோல். அரையிறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது! ஆனால் அதற்கப்புறம் அவர்கள் விழித்துக்கொண்டார்கள். 4-1. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோல்வி. ஆக நாலாவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் அதுதான்.

அதே மெல்போர்னில் தங்கப் பதக்கம் வாங்கிய சோவியத் அணியின் கீப்பர் யார் தெரியுமா? லெவ் யாஷின். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று 1963ல் தங்கப் பந்து வாங்கியவர். அந்தப் பரிசை அவருக்கு முன்னாலும் பின்னாலும் வேறு எந்த கோல்கீப்பரும் வாங்கவில்லை. யாஷினும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியாக ஆரம்பித்தவர்தான். சிப்பாய் ஒருவர், ஃபிட்டர் ஒருவர். ஒரே ஊரில் ஒரே போட்டியில் இருந்திருக்கிறார்கள்.

1958ல் தங்கராஜுக்கு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேர் கிடைத்தது. அப்போது வயது 22. 1960ல் ரோம் ஒலிம்பிக். நம் திருச்சிப் பக்கத்து சைமன் சுந்தர்ராஜும் அந்த அணியில் உண்டு. ஹங்கேரியிடம் 2-1 தோல்வி. பிரான்ஸோடு 1-1 டிரா. பெருவிடம் 3-1 தோல்வி. ஸ்கோரை மட்டும் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவீர்கள். ஆனால் எதிரே யார் என்று பாருங்கள். ஹங்கேரி அப்போது உலகத்தையே கலக்கிக்கொண்டிருந்த தேசம். அன்றைக்குத் தங்கராஜைத் தாண்டி ஒரு கோல் அடித்தவர் ஃப்ளோரியன் ஆல்பர்ட். அந்த ஆல்பர்ட் 1967ல் தங்கப் பந்து வாங்கினார். அதே 1967ல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது. ரோமில் எதிரெதிரே நின்ற இரண்டு பேருக்கும் ஏழு வருஷம் கழித்து ஒரே வருஷத்தில் மரியாதை. என்ன, ஆல்பர்ட்டின் பேரை புடாபெஸ்ட்டில் ஒரு ஸ்டேடியத்துக்கே வைத்தார்கள்.

இப்போது ஜகார்த்தா.

அந்தப் போட்டி ஆரம்பத்திலிருந்தே விவகாரம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேஷிய அரசு அனுமதி கொடுக்கவில்லை. 'அப்படியானால் இதை ஆசிய விளையாட்டுப் போட்டி என்று எப்படிச் சொல்வது?' என்று இந்தியாவின் விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி குரல் கொடுத்தார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட இடம் ஜகார்த்தா. ஊரே கொதித்தது. இந்தியத் தூதரகத்துக்கு முன்னால் கலாட்டா. நம் வீரர்கள் பஸ்ஸில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டிய நிலைமை. ஜர்னைல் சிங்கின் தலைப்பாகையைப் பார்த்தாலே இந்தியர்கள் என்று தெரிந்துவிடுமே!

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் அடித்து எழுந்தார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலின் மண்டை உடைந்து தையல். இதற்கு நடுவில் தங்கராஜுக்குக் காய்ச்சல். ஃப்ளூ. படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக வங்காளத்து இளைஞர் பிரத்யுத் பர்மன் கீப்பராக நின்றார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று ஜெயித்தபோது கோலில் இருந்தது பர்மன்தான்.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென் கொரியா. ரஹீம் சாப் என்ன செய்தார் தெரியுமா? ஜெயித்துக்கொண்டிருந்த பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்த தங்கராஜை இறக்கினார். தலையில் தையலோடு இருந்த டிஃபன்டர் ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார்.

எனக்கு இந்த இடம் எப்போதும் ஆச்சரியம். ஃபார்வர்டுகளை மாற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். கோல்கீப்பரை மாற்றுவது அப்படியில்லை. பின்னால் நிற்கும் டிஃபன்டர்களுக்கு அந்தக் குரல் பழகியிருக்க வேண்டும். 'விடு, நான் பார்த்துக்கறேன்' என்று அவன் கத்தினால் நம்பி விட வேண்டும். பர்மன் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் கொரியர்கள் உயரப் பந்து போட்டு மோதுவார்கள் என்று ரஹீம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அதற்கு உயரமும் அனுபவமும் வேண்டும். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய் முற்றியிருந்தது. இன்னொரு ஆசியப் போட்டி அவருக்குக் கிடைக்கப் போவதில்லை.

செனயான் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்தியத் தேசிய கீதம் கேட்காதபடிக்குக் கூச்சல். ஆதரவு கொடுத்தது யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவைத் தோற்கடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்!

17வது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல். 20வது நிமிஷம் ஜர்னைல், அதே தையல் போட்ட தலையோடு ஆடி, இன்னொரு கோல். 2-0. கதை முடிந்ததா? இல்லை. மிச்சமிருந்த எழுபது நிமிஷமும் கொரியர்கள் மோதிக்கொண்டே இருந்தார்கள். பி.கே.வுக்கும் ஜர்னைலுக்கும் அன்றைய வேலை இருபது நிமிஷத்தில் ஆகிவிட்டது. தங்கராஜுக்கு அப்போதுதான் ஆரம்பம். முன்னால் அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங். பின்னால் காய்ச்சல் விட்ட உடம்போடு தங்கராஜ். 85வது நிமிஷத்தில் கொரியா ஒன்று திருப்பியது. இன்னும் ஐந்து நிமிஷம். சுற்றிலும் ஒரு லட்சம் பேர் 'போடு, போடு' என்று கொரியாவுக்காகக் கத்துகிறார்கள்.

2-1 என்றே முடிந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ம் தேதி ரஹீம் இறந்துபோனார்.

அடுத்த பெரிய போட்டி 1964ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பை. அங்கேயும் தங்கராஜ்தான் கீப்பர். தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று ஜெயித்து, இஸ்ரேலிடம் மட்டும் 2-0 என்று தோற்று இரண்டாவது இடம். அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஹாரி ரைட் என்கிற இங்கிலாந்துக்காரர். வேடிக்கை என்னவென்றால் அவரும் ஒரு கோல்கீப்பர்! சார்ல்டன், ஆல்டர்ஷாட், டெர்பி, கோல்செஸ்டர் என்று ஊர் ஊராக கிளப் மாறி ஆடிவிட்டு, பயிற்சி கொடுக்க வந்தவர். பெரிய நட்சத்திரம் கிடையாது. கூப்பிட்ட இடத்துக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போகிற தொழிலாளி ரகம். தங்கராஜின் பின்பாதி வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் அமைந்தது.

ராணுவத்தில் இருந்தவரை ஒரே சட்டை. 1960-61ல் சந்தோஷ் கோப்பையை சர்வீசஸ் அணி முதன்முதலாக வென்றபோது அதில் தங்கராஜின் பங்கு பெரிது. ராணுவத்தை விட்டதும் கல்கத்தா. அங்கே அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கல்கத்தாவில் கால்பந்து என்பது நம் ஊரில் சினிமா மாதிரி. இன்னும் சொன்னால் எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர் சண்டை மாதிரி. மூன்று பெரிய கிளப். 1889ல் பிறந்த மோகன் பகான், மேற்கு வங்காளத்து பூர்வகுடிகளின் கிளப். 1891ல் பிறந்த முகமதன் ஸ்போர்ட்டிங், முஸ்லிம்களின் பெருமை. 1920ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் கிளப். பிரிவினைக்குப் பிறகு வீடு வாசலை விட்டுவிட்டு வந்த அகதிகளுக்கு அது கிட்டத்தட்ட சொந்த ஊர். மோகன் பகான் ஜெயித்தால் மார்க்கெட்டில் இறால் விலை ஏறும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் விலை ஏறும். மாப்பிள்ளை பார்க்கும்போதே 'நீங்கள் எந்த கிளப்?' என்று கேட்கிற ஊர்.

தங்கராஜ் முதலில் முகமதனுக்கு ஆடினார். 1963ல் மோகன் பகான். அப்போது அவர்கள் 1962லிருந்து 65 வரை தொடர்ந்து நாலு லீக் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஈஸ்ட் பெங்கால். 1966ல் லீக் பட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது! ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரியில் வளர்ந்த ஒரு கிறிஸ்தவ சிப்பாய், கல்கத்தாவின் மூன்று சாதி, மூன்று சனத்துக்கும் கோலைக் காத்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஐம்பது வாக்கில் ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்ட ஐவரில் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்று எல்லாருமே தெற்கத்தி ஆட்கள்தான். வங்காளிகளுக்கு அதில் சங்கடம் இருக்கவில்லை. நம் கிளப் சட்டையைப் போட்டுவிட்டானா, நம்மவன். அடுத்த வருஷம் எதிர் கிளப்புக்குப் போனானா, துரோகி. கிளப் மாறும் பருவத்தில் கையெழுத்துப் போடும்வரை வீரர்களை ஒளித்து வைக்கிற கூத்தெல்லாம் அந்த ஊரில் சகஜம்.

இப்படி மூன்று கிளப் மாறினால், 'காசுக்காகப் போனான்' என்று பேசுவார்கள். போனால்தான் என்ன? கோல்கீப்பருக்கு வேறு சிக்கலும் உண்டு. ஒரு அணியில் ஃபார்வர்ட் ஐந்து பேர் ஆடலாம், கீப்பர் ஒருவர்தான். இரண்டாவது கீப்பர் வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார வேண்டும். அன்றைக்கு மாற்று ஆட்டக்காரர் விதிகூடச் சரியாக வந்திருக்கவில்லை. எங்கே இடம் காலியோ அங்கே போனால்தான் பிழைப்பு.

1971ல் ஓய்வு. வயது 35. சேமிப்பென்று பெரிதாக இருந்திருக்க வாய்ப்பில்லாத காலம். அமெச்சூர் பட்டம், சில கோப்பைகள், ஒரு அர்ஜுனா. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தெரிந்த வேலை ஒன்றுதான். பயிற்சியாளர் ஆனார்.

உலக அளவில் பார்த்தால் கோல்கீப்பர்கள் பெரிய பயிற்சியாளர் ஆனது குறைவு. இத்தாலியின் டினோ ஜோஃப் மாதிரி ஒருசிலர். 1982ல் கேப்டனாக உலகக் கோப்பை வாங்கி, 2000ல் பயிற்சியாளராக ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார். மற்றபடி கீப்பர் என்றால் 'இவனுக்குத் தாக்கி ஆடுவதைப் பற்றி என்ன தெரியும்' என்கிற இளக்காரம். எனக்கு இது நேர்மாறாகத் தோன்றுகிறது. மைதானத்தில் இருக்கிற 22 பேரில் முழு ஆட்டத்தையும் முகத்துக்கு நேராகப் பார்க்கிறவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்குப் பாதி ஆட்டம் முதுகுப் பக்கம் நடக்கிறது.

கோவாவில் வாஸ்கோ கிளப், துறைமுக ஊர். பிறகு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். கடைசியாக பொகாரோ. பயிற்சியாளர் தங்கராஜின் விலாசங்கள் இவை. பொகாரோ அப்போது பீகார், 2000க்குப் பிறகு ஜார்க்கண்ட். சோவியத் உதவியோடு எழுப்பிய உருக்காலை ஊர். 1972ல் முதல் ஊதுலை எரிய ஆரம்பித்தது. ஆலை வந்தால் குவார்ட்டர்ஸ் வரும். குவார்ட்டர்ஸ் வந்தால் பள்ளிக்கூடம், மைதானம், டீம் எல்லாம் வரும். அங்கேயே குடியேறி, இளைஞர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டார்.

கொஞ்சம் முன்னால் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? தங்கராஜுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுக்க தனியாக ஆள் கிடையாது. விழுந்தே கற்றுக்கொண்டவர். எந்தப் பக்கம் பாய்வது என்பதைவிட, பாய்வதற்கு முன்னால் எங்கே நிற்பது என்பதுதான் கீப்பரின் பாதி வித்தை. அது புத்தகத்தில் வராது. ஹங்கேரிக்காரனும் கொரியாக்காரனும் உதைக்க உதைக்க உடம்பில் ஏறிய கணக்கு அது. ஒலிம்பிக் பார்த்த மனிதர் ஒருவரிடமிருந்து அதைக் கேட்டுக்கொள்கிற அதிர்ஷ்டம் பொகாரோ பையன்களுக்குக் கிடைத்தது. சென்னைப் பையன்களுக்கோ, வெலிங்டன் பக்கத்துப் பையன்களுக்கோ கிடைக்கவில்லை. அவரை யாரும் இங்கே கூப்பிடவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ரோமுக்குக் கூடப் போன சைமன் சுந்தர்ராஜ் விஷயமும் அதேதான். 1973ல் அவர் பயிற்சி கொடுத்து முதன்முதலாக சந்தோஷ் கோப்பை வாங்கிக் கொடுத்தது கேரளாவுக்கு.

1996ல் தேசிய லீக் வந்தது. 2014ல் ஐ.எஸ்.எல். வந்தது. இன்று ஒவ்வொரு பெரிய அணியிலும் கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர், பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். 1992ல் விதி மாறியதிலிருந்து சொந்த ஆள் காலால் தள்ளிவிடும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்க முடியாது. அதனால் கீப்பரும் கால் வித்தை தெரிந்தவனாக இருக்க வேண்டியிருக்கிறது. சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்த தங்கராஜுக்கு இந்தக் காலம் ரொம்பப் பொருந்தியிருக்கும்.

2008 நவம்பர் 24ம் தேதி பொகாரோவில் மாரடைப்பு. 73வது பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.

2024ல் ரஹீமின் கதையை 'மைதான்' என்று இந்தியில் படமாக எடுத்தார்கள். அஜய் தேவ்கன் ரஹீம். நம் ஏ.ஆர். ரஹ்மான் இசை. ஜகார்த்தா ஆட்டம்தான் உச்சக்கட்டம். கோல் போஸ்ட்டில் தங்கராஜும் இருக்கிறார். வீட்டில் படம் ஓடினால், பி.கே. கோல் போட்டதும் சேனலை மாற்றிவிடாதீர்கள். அவருடைய ஆட்டம் அதற்கப்புறம்தான் வருகிறது.